பூட்டுப் போட்டால் கருவி ஓடாது! கருவி ஓடினால் பூட்டு இல்லை!

கம்ப்யூட்டர் வைத்துத் தொழில் நடத்துகிறவர்களுக்கு இன்று ஒரு தர்மசங்கடம். கம்ப்யூட்டருக்குள் ஒரு நல்ல பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டைப் போட்டால், கடையில் உள்ள பழைய கருவி ஓட மறுக்கிறது. கருவியை ஓட்ட வேண்டுமானால் பூட்டைத் திறந்து வைக்க வேண்டும். திறந்து வைத்தால் திருடன் வருவான்.

கருவியை விடுவதா? பூட்டை விடுவதா?

"இது பெரிய கம்பெனிக்காரர்கள் கவலை. நமக்கு என்ன வந்தது?" என்று சிலர் கேட்கலாம். கள்ளக்குறிச்சி கடைத்தெருவுக்கும் கல்வராயன் மலைக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

மலையும் கம்ப்யூட்டரும்

கல்வராயன் மலை 1976-ம் ஆண்டு வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் சர்க்கார் நிர்வாகம் நேராக மலை ஏறியது. 2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி, விழுப்புரத்தில் இருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. மலைக்கு வெள்ளிமலையில் தாலுகா அலுவலகம் இருக்கிறது.

மலையில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துவிட்டுக் கேரளாக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மலையில் வாழ்வதால் அந்தப் பெயர். பேசுவது தமிழ். சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள்.

அங்கே ஒரு வீட்டில் பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் இடம் வேண்டும். அதற்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். வருமானச் சான்றிதழ் வேண்டும். பழைய காலம் என்றால் மனு எழுதிக்கொண்டு கர்ணத்தையும் தாசில்தாரையும் பார்க்க வேண்டும். இப்போது மனு கம்ப்யூட்டரில் போகிறது. ரேஷன் கார்டையும் பள்ளிக்கூடச் சான்றிதழையும் ஸ்கேன் எடுத்து ஏற்ற வேண்டும். ஆர்.டி.ஓ. கையெழுத்தும் கம்ப்யூட்டரிலேயே விழுகிறது. வந்த சான்றிதழை அச்சடித்துக் கொடுப்பதும் கம்ப்யூட்டர்தான்.

இந்த வேலைகளைச் செய்து கொடுப்பவை இ-சேவை மையங்கள். ஒரு சான்றிதழுக்குக் கட்டணம் 60 ரூபாய். ஆனால் மலையில் இருந்து இறங்கி வருகிறவருக்குச் செலவு 60 ரூபாயோடு நிற்பதில்லை. பஸ் சார்ஜ் ஆகும். ஒரு நாள் கூலி போகும். கூட வந்த பிள்ளைக்கு மத்தியானம் சாப்பாடு வாங்கித் தர வேண்டும். "ஸ்கேனர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டால் அவருக்கு இரண்டு நாள் போயிற்று.

கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் இ-சேவை மையங்கள் உண்டு. "அனைவருக்கும் இ-சேவை" என்ற திட்டத்தின்படி, படித்த இளைஞர்கள் சொந்தத்தில் நடத்தும் மையங்களும் உண்டு. சொந்தத்தில் நடத்துகிறவர் கம்ப்யூட்டரையும் கருவிகளையும் தம் கைக்காசில் வாங்கியவர். பலர் கடன் வாங்கிப் போட்டவர்கள். ஓடுகிற வரையில் ஓடட்டும் என்றுதான் அவர் நினைப்பார். அதைக் குற்றம் சொல்ல முடியுமா?

டிரைவர் என்பவர் யார்?

டிரைவர் என்றதும் பஸ் டிரைவர் ஞாபகம் வரும். கம்ப்யூட்டரிலும் டிரைவர் உண்டு. இது ஆள் அல்ல. ஒரு சின்ன சாப்ட்வேர்.

கம்ப்யூட்டருக்குப் புதிதாக ஒரு கருவியை மாட்டுகிறோம். ஸ்கேனர் என்றோ, கைரேகை வைக்கும் மெஷின் என்றோ வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவியின் பாஷை கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரின் பாஷை கருவிக்குத் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்ப்பதுதான் டிரைவரின் வேலை. கருவியை விற்கும் கம்பெனியே இதையும் எழுதிக் கொடுக்கும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற சாப்ட்வேர்கள் எல்லாம் கம்ப்யூட்டரின் வெளி வராந்தாவில் உட்கார்ந்து வேலை பார்க்கும். டிரைவர்களில் பல, உள் அறைக்கே போய்விடும். அந்த உள் அறைக்குக் கெர்னல் என்று பெயர். கம்ப்யூட்டரின் கஜானா அறை அது. அங்கே நுழைந்துவிட்டால் எதையும் படிக்கலாம், எதையும் மாற்றலாம். வைரஸ் தடுப்புக் காவலாளியைக்கூட விரட்டி விடலாம்.

கஜானா அறையில் ஒருவன் தடுக்கி விழுந்தால்கூட என்ன ஆகும் என்பதை 2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்புக் கம்பெனி, தன் சாப்ட்வேருக்கு ஒரு திருத்தத்தை அனுப்பியது. அதில் ஒரு பிழை. அந்த சாப்ட்வேர் கஜானா அறைக்குள் ஓடுவது. ஆகவே கம்ப்யூட்டரே நீலத் திரை காட்டிப் படுத்துவிட்டது. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் அன்று படுத்தன. விமானங்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். இத்தனைக்கும் அது திருடன் செய்த வேலை அல்ல. காவலுக்கு வந்தவன் செய்த தவறு!

காவல்காரனுக்குத் தனி அறை

கஜானாவைக் காக்க மைக்ரோசாப்ட் கம்பெனி முதலில் ஒரு ஏற்பாடு செய்தது. முத்திரை இல்லாத டிரைவரை உள்ளே விடுவதில்லை என்பதே அது. விஸ்டா காலத்தில், 64 பிட் கம்ப்யூட்டர்களில் இது சட்டம் ஆனது. 2016-ம் ஆண்டில் இன்னும் இறுக்கினார்கள். புதிய டிரைவர்களுக்கு மைக்ரோசாப்டே முத்திரை போட வேண்டும் என்றார்கள். ஆனால் பழைய டிரைவர்களுக்கு ஒரு சலுகை கொடுத்தார்கள். 2015-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதிக்கு முன்பு வாங்கிய முத்திரையாக இருந்தால் செல்லும் என்றார்கள்.

சலுகை என்றால் விஷமிகள் விடுவார்களா? முத்திரையின் தேதியை முன்தேதியாக மாற்றிப் போட்டு, கள்ள டிரைவர்களை உள்ளே அனுப்பினார்கள். 2023-ம் ஆண்டு ஜூலையில் சிஸ்கோ கம்பெனியின் டாலோஸ் என்ற ஆராய்ச்சிக் குழு இதை வெளியே கொண்டுவந்தது. பத்திரப்பதிவு ஆபீசில் பழைய ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி முன்தேதி போடுகிற வேலை நமக்குத் தெரியாதா? அதே வேலைதான்.

இன்னொரு குறையும் இருந்தது. கஜானாவைக் காக்கும் காவல்காரனும் அதே அறைக்குள்தான் உட்கார்ந்திருந்தான். திருடன் உள்ளே புகுந்து அதிகாரியின் நாற்காலியில் அமர்ந்துவிட்டால், காவல்காரனுக்கே உத்தரவு போடலாம்.

ஆகவே காவல்காரனை வெளியே எடுத்துத் தனி அறையில் வைத்தார்கள். அந்த அறைக்கும் கஜானாவுக்கும் நடுவில் கெட்டியான சுவர். கஜானா அதிகாரியே உத்தரவு போட்டாலும் காவல்காரன் கேட்க மாட்டான். தானே முத்திரையைப் பார்த்துத்தான் விடுவான். இந்த ஏற்பாட்டுக்கு "மெமரி இன்டெகிரிட்டி" என்று பெயர். 2018-ம் ஆண்டு முதல் விண்டோஸ் 10 வைத்திருந்த சாமானியர்களுக்கும் இது கிடைத்தது. 2021-ம் ஆண்டில் விண்டோஸ் 11 வந்தபோது, தகுதியுள்ள புதிய கம்ப்யூட்டர்களில் தானாகவே பூட்டிக்கொள்ளும்படி செய்தார்கள்.

காவல்காரன் போட்ட முக்கியமான சட்டம் ஒன்று. எழுதுகிற ஏடு வேறு. நிறைவேற்றுகிற உத்தரவு வேறு. எழுதிக்கொண்டே இருக்கிற காகிதத்தை உத்தரவாக நிறைவேற்றக் கூடாது. உத்தரவு என்று முத்திரை விழுந்த பிறகு அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. திருடர்கள் வழக்கமாகச் செய்வது என்ன? உள்ளே நுழைந்து, ஏட்டில் தங்கள் உத்தரவை எழுதி, உடனே நிறைவேற்றச் சொல்வதுதான். இந்தச் சட்டம் வந்ததும் அவர்களுக்கு வழி அடைபட்டது.

நல்லவனும் மாட்டிக்கொண்டான்

வினை இங்கேதான் ஆரம்பம். பழைய டிரைவர்கள் பலவற்றை எழுதிய காலத்தில் இப்படி ஒரு சட்டமே கிடையாது. எழுதிய இடத்திலேயே நிறைவேற்றுவது அவற்றுக்குப் பழக்கம். அவை திருடர்கள் அல்ல. பத்து வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தவைதான். ஆனால் காவல்காரனுக்கு முகம் பார்க்கத் தெரியாது, சட்டம்தான் தெரியும். "இந்த டிரைவரை ஏற்ற முடியாது" என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு நிறுத்திவிடுகிறான்.

எந்த எந்தக் கருவிகள் இப்படி மாட்டுகின்றன? வெறும் பிரிண்டர் பெரும்பாலும் தப்பிவிடும். அதன் டிரைவர் இப்போது வராந்தாவில்தான் உட்காருகிறது. பிரிண்டர், ஸ்கேனர், ஃபேக்ஸ் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த பழைய மெஷின்கள் மாட்டுகின்றன. பழைய டாங்கிள்கள் மாட்டுகின்றன. டாங்கிள் என்பது சாப்ட்வேரைக் காப்பி அடிக்காமல் இருப்பதற்காகக் கொடுக்கும் சிறு சாவி. கல்யாணப் பத்திரிகையும் சுவரொட்டியும் தயாரிக்கிற கடைக்காரர்களைக் கேளுங்கள். தமிழ் எழுத்து சாப்ட்வேரோடு அந்தச் சாவியையும் வாங்கி, பின்னால் சொருகி வைத்திருப்பார்கள். அது போனால் எழுத்தும் போயிற்று.

வேடிக்கையான விஷயம் ஒன்று உண்டு. சில கம்ப்யூட்டர்களில் பூட்டைத் தடுத்துக்கொண்டிருக்கும் டிரைவருக்குக் கருவியே இருக்காது! வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் ஹார்ட் டிஸ்க்கை எப்போதோ மாட்டியிருப்பார்கள். டிஸ்க் பழுதாகி, காயலான் கடைக்கும் போயிருக்கும். அதன் பழைய டிரைவர் மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டு, பூட்டைப் போட விடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். குடித்தனக்காரர் காலி செய்துவிட்டார். அவர் மாட்டிய பழைய பூட்டு மட்டும் அறைக் கதவில் தொங்குகிறது!

எடைப் பாலமும் ஒரு வயரும்

கள்ளக்குறிச்சி கரும்பு விளையும் பூமி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. சின்னசேலம் பக்கம் மரவள்ளியும் மக்காச்சோளமும் லாரி லாரியாகப் போகின்றன. எங்கும் எடைப் பாலங்கள். பாலத்தின் எடை காட்டும் பெட்டியில் இருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் போகும். பழைய வகைப் பெட்டியானால், இப்போதைய கம்ப்யூட்டரில் அதற்குத் துளையே கிடையாது. ஆகவே நடுவில் ஒரு மாற்று வயரை வாங்கி மாட்டுவார்கள்.

அந்த வயருக்குள் ஒரு சின்ன சிப் உண்டு. அதில் பெயர் போனது தைவான் நாட்டு புரொலிபிக் கம்பெனியின் சிப். அதைப் போலவே போலி சிப்கள் சந்தையில் குவிந்தன. கம்பெனி பார்த்தது. புதிய டிரைவரில் போலிகளுக்கு இடம் இல்லாமல் செய்தது. அத்தோடு தன்னுடைய பழைய அசல் சிப்களையும் கைவிட்டது. "இந்த சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள்" என்று திரையில் எழுதிக் காட்டும். விற்றவரை எங்கே போய்க் கேட்பது?

இன்னொரு கம்பெனி, எப்.டி.டி.ஐ., 2014-ம் ஆண்டு அக்டோபரில் இதைவிட ஒரு படி மேலே போனது. அதன் புதிய டிரைவர், போலி சிப்களை அறவே வேலை செய்யாமல் முடக்கியது. போலி என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவர்கள் கூச்சல் போட்டார்கள். கம்பெனி அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது. போலியைத் தடுக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு. ஆனால் தண்டனை போய் விழுந்தது போலி செய்தவன் தலையில் அல்ல, வாங்கியவன் தலையில்.

"அப்படியானால் பூட்டைத் திறந்து விட்டுவிடலாமே?"

இப்படித்தான் பலரும் செய்கிறார்கள். கடைக்கு வரும் மெக்கானிக்கும் அதைத்தான் முதலில் செய்வார். இரண்டு தட்டுத் தட்டினால் பூட்டு திறந்துவிடும். கருவி ஓடும். வாடிக்கையாளர் போவார். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

நம் கடையில் இருக்கும் பழைய டிரைவரில் ஓட்டை இருந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். அது பாதிதான். திருடன் தன்னுடைய மடியிலேயே ஒரு பழைய டிரைவரைக் கட்டிக்கொண்டு வருவான்! அது பெயர் பெற்ற கம்பெனி செய்தது. அசல் முத்திரை உள்ளது. ஆனால் அதில் ஓட்டை இருப்பது திருடனுக்குத் தெரியும். காவலன் முத்திரையைப் பார்த்துவிட்டு உள்ளே விடுவான். உள்ளே போனதும் திருடன் அந்த ஓட்டை வழியாகத் தன் கூட்டாளிகளை இறக்குவான். கன்னக்கோலால் சுவரை இடிக்க வேண்டிய சிரமம்கூட இல்லை.

இது கற்பனை அல்ல. ஜிகாபைட் என்ற தைவான் கம்பெனியின் டிரைவர் ஒன்றில் ஓட்டை இருப்பது 2018-லேயே தெரிந்துபோயிற்று. கம்பெனியும் அதைக் கைவிட்டது. ஆனால் முத்திரை செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது. ராபின்ஹுட் என்ற கொள்ளைக் கூட்டத்தார் அதை எடுத்துக்கொண்டார்கள். அதன் உதவியால் கஜானாவில் நுழைந்தார்கள். முதலில் வைரஸ் தடுப்பைக் கொன்றார்கள். பிறகு எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டு, "பணம் கொடு, திறக்கிறோம்" என்று மிரட்டினார்கள். 2020-ம் ஆண்டு பிப்ரவரியில் சோபோஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி இந்த வித்தையை அம்பலப்படுத்தியது. அன்று முதல் இன்று வரை கொள்ளையர்கள் இந்த வழியை விடவில்லை. டிரைவரின் பெயர்தான் மாறுகிறது.

இதற்காகவே ஓட்டை டிரைவர்களின் பட்டியல் ஒன்றை மைக்ரோசாப்ட் வைத்திருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் கேடிகளின் போட்டோ மாட்டி வைப்பதைப் போன்றது. 2022-ம் ஆண்டில் இருந்து விண்டோஸ் 11-ல் இந்தப் பட்டியல் தானாகவே அமலில் இருக்கிறது.

மைக்ரோசாப்டின் சொந்த வீட்டிலேயே ஒரு ஓட்டை இருந்தது. போன் கம்பி வழியாக இன்டர்நெட்டுக்குப் போன காலத்து மோடம் டிரைவர் அது. அகிரே என்ற பெயரில் உள்ள அந்த டிரைவர், மோடமே இல்லாத கம்ப்யூட்டர்களிலும் விண்டோஸோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. திருடர்கள் அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி மைக்ரோசாப்ட் அதைத் திருத்தவில்லை. அடியோடு பிடுங்கி எறிந்துவிட்டது. அந்த மோடத்தில் ஃபேக்ஸ் அனுப்பிக்கொண்டு இருந்தவர்களுக்கு அன்றோடு வேலை நின்றது. சிலருக்குக் கஷ்டம்தான். ஆனால் கோடிக்கணக்கான வீடுகளின் கொல்லைப்புறக் கதவைச் சாத்த வேண்டும் என்றால் வேறு என்ன செய்வது?

கைரேகையிலும் இதே கதை

மலையில் இருந்து வருகிறவர் சான்றிதழுக்கு மட்டும் வருவதில்லை. பென்ஷன் பணம் எடுக்கவும் வருகிறார். எழுத்து கூட்டிப் படிக்கிறவர். ஏ.டி.எம். கார்டு கையாண்டு பழக்கம் இல்லாதவர். ஆதார் எண்ணைச் சொல்லி, விரலை வைத்தால் பணம் கிடைக்கும். அவருக்குக் கைரேகைதான் கையெழுத்து; கைரேகைதான் சாவி.

அந்தக் கைரேகைக் கருவிகளில் எல் 0, எல் 1 என்று இரண்டு வகை. பழைய எல் 0 கருவியில், ரேகை கருவியில் இருந்து கம்ப்யூட்டருக்கு வந்து, கம்ப்யூட்டரில் உள்ள சாப்ட்வேரில்தான் முத்திரை வைத்துப் பூட்டப்படும். ஆகவே கம்ப்யூட்டருக்குள் திருடன் இருந்தால் ரேகைக்கும் ஆபத்து. புதிய எல் 1 கருவியில் அந்த வேலை கருவிக்குள்ளேயே முடிந்துவிடும். பூட்டிய பெட்டிதான் வெளியே வரும். ஆதார் ஆணையம், எல் 0 கருவிகளைப் படிப்படியாக நிறுத்தி எல் 1 கருவிக்கு மாறும்படி உத்தரவு போட்டது.

உத்தரவு சரியான உத்தரவு. வட மாநிலங்களிலும் தெலுங்கானாவிலும் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளைப் பிரதி எடுத்து, ரப்பர் போன்ற விரல்கள் செய்து, ஏழைகளின் கணக்கில் இருந்து பணம் எடுத்த கும்பல்கள் பிடிபட்டன. அதனால்தான் 2023-ம் ஆண்டில், வைப்பது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் சோதனையையும் ஆதார் ஆணையம் கொண்டுவந்தது.

ஆனால் பழைய கருவி பழுதாகவில்லை. நேற்று வரை வேலை செய்தது. இன்று செல்லாது என்கிறார்கள். புதியதைக் கடைக்காரர்தான் சொந்தக் காசில் வாங்க வேண்டும். ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய் வாங்கி, அதில் ஒரு பங்கை மட்டும் பார்க்கிற கடைக்காரர் எத்தனை கருவிகளை மாற்றுவார்? ஸ்கேனரை மாற்றுவாரா, கைரேகைக் கருவியை மாற்றுவாரா, கம்ப்யூட்டரையே மாற்றுவாரா? பாதுகாப்பின் பலன் ஊருக்கு. செலவு ஒருவர் தலையில். இந்த இடத்தில்தான் நியாயம் நொண்டுகிறது. மலைத் தாலுகாவில் மையம் நடத்துகிறவர்களுக்காவது கருவி மாற்ற மானியமோ சுலபத் தவணையோ கொடுப்பது சர்க்காருக்குப் பெரிய காரியம் அல்ல.

இலவச லேப்டாப்புகள்

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். வீட்டில் முதல் கம்ப்யூட்டர் என்று பல குடும்பங்கள் பூஜை போட்டு வைத்தன. அந்தப் பழைய லேப்டாப்புகளில் சில இன்னும் ஓடுகின்றன. அக்காள் படித்ததில் தம்பி படிக்கிறான்.

அவற்றில் இந்தப் பூட்டு சரியாக வேலை செய்யாது. இன்டெல் கம்பெனியின் ஏழாம் தலைமுறை சிப்புக்கு முந்தியவை என்றால், காவல்காரன் ஒவ்வொரு ஏட்டையும் கையால் புரட்டிப் பார்க்க வேண்டும். அதனால் கம்ப்யூட்டர் மாட்டு வண்டி போல் ஆகிவிடும். விண்டோஸ் 11-ஐ முறைப்படி போடவும் முடியாது. விண்டோஸ் 10-க்கான இலவசத் திருத்தங்களோ 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தன. அந்த மோடம் டிரைவரைப் பிடுங்கிய அதே நாள்! பெயர் பதிவு செய்து கொண்டவர்களுக்கு மட்டும் 2026-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி வரை பாதுகாப்புத் திருத்தம் தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது.

பழைய லேப்டாப்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பிள்ளைகள் டைப் அடிக்கவும், பாடம் படிக்கவும் நன்றாகப் பயன்படும். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவற்றைப் போட்டுக்கொள்ளலாம். பாங்குக் கணக்கு மட்டும் அதில் வேண்டாம்.

கடைக்காரர் என்ன செய்யலாம்?

விண்டோஸ் செக்யூரிட்டி என்ற இடத்தில், டிவைஸ் செக்யூரிட்டி என்பதைத் திறந்தால், கோர் ஐசொலேஷன் என்று ஒரு பகுதி வரும். அதற்குள்தான் மெமரி இன்டெகிரிட்டி இருக்கிறது. அதைப் போட முயன்றால், எந்த டிரைவர் தடுக்கிறது என்று பெயரோடு காட்டும். மெக்கானிக்கை விட்டு அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பூட்டைத் திறந்து விடுவதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

பிறகு பார்க்க வேண்டியது, அந்த டிரைவருக்கு உரிய கருவி கடையில் இருக்கிறதா என்பதை. இல்லை என்றால் டிரைவரை நீக்கிவிட வேண்டியதுதான். பைசா செலவு இல்லை. கருவி இருக்கிறது என்றால், அதைச் செய்த கம்பெனியின் சொந்த இடத்தில் புதிய டிரைவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்த இடத்தில் மட்டும்! "எல்லா டிரைவரையும் இலவசமாகப் புதுப்பித்துத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் சாப்ட்வேர்கள் பல உண்டு. அவற்றின் பக்கமே போக வேண்டாம். சாவி தொலைந்தது என்று வழிப்போக்கனிடம் பீரோவைக் காட்டுகிற கதையாகிவிடும்.

புதிய டிரைவரும் இல்லை, கருவியை மாற்றப் பணமும் இல்லை என்றால்? இதற்குப் பலர் பல விதமாகச் சொல்வார்கள். நம்முடைய அபிப்பிராயம் இது. பணமும் கைரேகையும் புழங்குகிற கம்ப்யூட்டரில் பூட்டைத் திறந்து வைப்பது கூடாது. பழைய கருவியை ஒரு பழைய கம்ப்யூட்டரில் மாட்டி, அதற்கு இன்டர்நெட் கொடுக்காமல் தனியே வைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் எடுத்ததைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றலாம். பென் டிரைவை வைரஸ் பார்த்துவிட்டுத்தான் சொருக வேண்டும். கொஞ்சம் நடை கூடும். வேறு ஆபத்து குறைவு. எடைப் பாலத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக் கடைக்கும் இந்த வழி நன்றாகப் பொருந்தும்.

விளையாட்டுக்காகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் இளைஞர்கள் சண்டைக்கு வருவார்கள். "பூட்டினால் வேகம் குறைகிறது, மைக்ரோசாப்டே திறந்து வைக்கச் சொன்னதே" என்பார்கள். உண்மைதான். 2022-ம் ஆண்டில் அப்படி ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். ஆனால் விளையாடி முடித்ததும் மறுபடியும் பூட்டிவிடுங்கள் என்பதையும் அதே குறிப்பில் எழுதியிருந்தார்கள். அந்தப் பாதியை யாரும் படிப்பதில்லை. அதே கம்ப்யூட்டரில் அப்பா பாங்குக் கணக்குப் பார்க்கிறவராக இருந்தால், வேகம் கொஞ்சம் குறைந்தால் மோசம் போகாது.

கணக்கில் இருந்து பணம் போய்விட்டது என்று தெரிந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

இனி புதிதாகக் கருவி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விலையைக் கேட்கும்போது, "எத்தனை வருஷத்துக்கு டிரைவர் தருவீர்கள்?" என்றும் கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் கம்பெனிக்காரரைக் கேட்பார். பிரிண்டர் என்றால், தனி டிரைவர் இல்லாமலே ஓடுமா என்று கேளுங்கள். 2021-ம் ஆண்டில் அச்சடிக்கும் ஏற்பாட்டின் ஓட்டை வழியாகத் திருடர்கள் நுழைந்த பிறகு, மைக்ரோசாப்ட் அந்தப் பக்கமும் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தி வருகிறது. பிரிண்டர் கம்பெனிகளின் தனி டிரைவர்களுக்கு, விண்டோஸ் அப்டேட் வழியாகப் பாதுகாப்புத் திருத்தம் தவிர வேறு எதுவும் 2027-ம் ஆண்டில் இருந்து வராது என்று 2023-ம் ஆண்டு செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. தனி டிரைவர் கேட்காத மாடல்கள் இப்போதே கடைகளில் கிடைக்கின்றன. பெட்டியின் மேலே "மோப்ரியா" என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.